கழுவாத கருமணல்

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடம். இஞ்சினியரிங் முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்காகக் குளச்சலில் காத்துக் கிடந்தேன். இரண்டு முறை வந்த விசா இரண்டு முறையும் கைநழுவிப் போனது. துபாயிலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தான். செஸ் போர்டு மாதிரி ஏதோ என்று நினைத்துத் தள்ளுபடியில் வாங்கினானாம். திறந்தால் உள்ளே விரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் உருவங்கள், இரண்டு படைகள். ஒன்று எலும்புக்கூட்டு வீரர்கள். மற்றது கூர்மூக்கும் பச்சைத் தோலுமாகக் குட்டைப் பிசாசுகள். வெட்டி, ஒட்டி, சாயம் பூசி, மேஜையில் அணிவகுத்து நிறுத்தி, தையற்கார டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும்.

எலும்புகளை நான் வைத்துக்கொண்டேன். பிசாசுகளுக்கு நாங்கள் வைத்த பெயர் குட்டிச்சாத்தான். இருபது இருந்தன. அம்மா அவற்றைக் கிறிஸ்துமஸ் குடிலில் இடையர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க, வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றிரண்டாகக் கொண்டு போய், கடைசியில் ஐந்து மிஞ்சின.

ஊரில் இந்த விளையாட்டு தெரிந்த ஒரே ஆள் என் பள்ளித் தோழன். அவனுடைய மாமா பிள்ளைகள் துபாயில் இதை முறையாக ஆடுகிறவர்கள், அவனுக்கு ஒரு குதிரைப்படை அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அவன் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். இரண்டு பழைய கதவுகளை பெஞ்சின் மேல் போட்டுப் பச்சைத் துணி விரித்தால் அதுதான் எங்கள் போர்க்களம். அவனுடைய உம்மா பழம்பொரியும் சாயாவும் மேலே அனுப்புவார்கள். விசா இல்லாதவனுக்கு அந்த மாடியில் மட்டும்தான் ஒரு மரியாதை இருந்தது. அங்கே நான் ஒரு தளபதி.

அந்த மேஜைக்கு அவன் வைத்த சட்டம் இரண்டு. வெறும் பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்து நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு உருவத்துக்கும் சாயம் பூசி, அது நிற்கும் வட்டத்தில் மண் ஒட்டித் தரை செய்திருக்க வேண்டும். இரண்டாவது, புதிதாக ஒருவன் வந்தால் அவனைக் கூட்டி வந்தவன்தான் முதல் சண்டை போட வேண்டும், அதுவும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆட வேண்டும். என் முதல் சண்டையில் அவன் அப்படித்தான் ஆடினான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஒரு வாரம் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

புதியவனைக் கூட்டி வந்தது நான்தான். கல்லூரியில் என் பெஞ்சில் இருந்தவன், அருமனைக்காரன். அவனுக்கும் வேலை இல்லை. விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டிவிட்டு, பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு அழைத்துப் போனேன். நான் ஆடுவதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உட்காரச் சொல்லியும் அவன் உட்காராமல் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தான். கீழே இறங்கும்போது கேட்டான்.

"எனக்கும் ஒரு படை வேணும் டே. ஏது படை எளுப்பம்?"

எது சுலபம் என்பதற்கு உண்மையான பதில் எனக்குத் தெரியும். புதியவன் பெரிய உருவங்கள் உள்ள படையாக எடுக்க வேண்டும். பதினைந்து இருந்தால் போதும், சீக்கிரம் முடியும், சட்டென்று சாகாது. குட்டிச்சாத்தான் அதற்கு நேர் எதிர். கூட்டமாக இருந்தால்தான் அதற்கு பலம், எண்பது பேராவது வேண்டும். தலைவன் செத்தால் மொத்தமும் ஓட்டம் பிடிக்கும். பழகினவனே தொட யோசிக்கிற படை.

"குட்டிச்சாத்தான் எடு மக்கா" என்றேன். "புதுசா வாறவனுக்கு அதாக்கும் செரி. எனக்க கையில அஞ்சு கெடக்கு. கொண்டு போ."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லேன்னா இதெல்லாம் எனக்கு ஆரு பறஞ்சு தருவா?"

அந்த நன்றிதான் எனக்கு ஆகவில்லை. ஏமாறுகிறவன் கொஞ்சமாவது சந்தேகப்பட வேண்டாமா? மீதி எழுபத்தைந்துக்கு எங்கே போவான், ஒரு மாதம் அலைந்துவிட்டு விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். வாரா வாரம் "எத்தன ஆச்சு டே?" என்று கேட்பேன். "நடக்குது, நடக்குது" என்பான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

நான்கு மாதம் கழித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தான். பழைய செய்தித்தாளில் சுற்றி, பஞ்சு வைத்து, வரிசை வரிசையாக எண்பது குட்டிச்சாத்தான்கள்.

ரப்பர் பால் அவன் வீட்டில் இல்லாத நாளில்லை. பால் உறையாமல் இருக்க அமோனியா விட்டு, என் ஐந்து உருவங்களின் மேல் தூரிகையால் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, பத்துப் பதினைந்து பூச்சு ஏற்றியிருக்கிறான். காய்ந்ததும் காலுறையைக் கழற்றுவதுபோல உரித்தால் உள்ளே அச்சு. அதில் பல் டாக்டர்கள் பல் அச்சு வார்க்கும் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டால் ஒரு குட்டிச்சாத்தான். எண்பதும் அப்படி வார்த்தவைதான், என் ஐந்தையும் அச்சுக்கென்று வீட்டிலேயே வைத்துவிட்டான். பச்சை மட்டும் நான்கு விதமாகப் பூசியிருந்தான். ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு மஞ்சள் புள்ளி. தலைவனுக்கு மட்டும், நம்ம ஊர்ப் பெரிய மனுஷன் மாதிரி, தோளில் ஒரு சின்னத் துண்டு.

என் எலும்புகளை நான் ஒரே வெள்ளையில் முக்கி எடுத்திருந்தேன்.

தோழன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "எலே, துபாய்க்காரனுவ பாத்தா வாயப் பொளப்பானுவ" என்றான். பிறகு என் தலையில் கல்லைப் போட்டான். டிசம்பரில் மாமா பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் படைகளோடு வருகிறார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். இரண்டுக்கு இரண்டு என்று பெரிய சண்டை. தோழனுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அது நான்தான் என்று ஆறு மாதமாக எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

"நீங்க ரெண்டுவேரும் மொத சண்ட போடணும் இல்லியா? அதுல நல்லா களிக்கவன் என் கூட நிக்கட்டு" என்றான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே எண்பது புறப்பட்டு வந்திருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டாம். வீட்டில் விசா கேட்டார்கள், தெருவில் விசா கேட்டார்கள், யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அந்த மாடி. அதையும் ஒரு பால்வெட்டுக்காரன் டின்னில் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று தோன்றியது.

அவன் படைக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. தரை. "குட்டிச்சாத்தான் கறுத்த மண்ணுல நின்னாத்தான் டே சேலு" என்றான். "மணவாளக்குறிச்சி கடற்கரையில கறுத்த மண்ணு உண்டும்லா? என்னையும் கொண்டு போவியா?"

கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடல்மண்ணைப் பற்றி ஒன்று தெரியும். எங்கள் வீட்டுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 2004இல் கடல் வந்து போன பிறகு, அவசரமாக எழுப்பிய சமையலறைச் சுவரில், முற்றத்தில் கடல் விட்டுப்போன மணலையே கொத்தனார் கலந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர் வியர்க்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அம்மா துடைப்பத்தால் கூட்டி அள்ளிக்கொண்டே கடலைத் திட்டுவாள். என் எலும்புகளுக்கு மண் ஒட்டியபோது மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் ஒட்டினேன்.

பைக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அலை பின்வாங்கும் இடத்தில் கருமணல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவன் பேண்ட்டை மடித்துவிட்டு, குனிந்து, ஒரு கவர் நிறைய அள்ளினான். உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான்.

"இத இப்பிடியே ஒட்டலாமா? ஒண்ணும் செய்யாண்டாமா?"

அலைச் சத்தம் பெரிதாக இருந்தது. கேட்காத மாதிரி நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா. காஞ்ச உடனே பசை தேச்சு ஒட்டு."

திரும்பும் வழியில் அவனுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் ஐப்பசி மழை கொட்டியது. எங்கள் சமையலறைச் சுவரில் உப்புப் பூத்ததை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். அருமனையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் என்ன நடக்கிறது என்பதை இங்கே இருந்தே பார்க்க முடிந்தது. சொல்ல மூன்று வாரம் இருந்தது, கையில் போனும் இருந்தது. நான் சொல்லவில்லை.

சண்டை நாளன்று பஸ்ஸில் வந்தவன் டின்னை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். தோழனின் உம்மா கீழிருந்து, "இன்னைக்கு ஆரு செயிக்கா?" என்று கேட்க, "நான் தோத்தாலும் பரவாயில்ல உம்மா, கூட நின்னு களிச்சா மதி" என்று சிரித்தான்.

டின்னைத் திறந்தான். முதல் வரிசையில் கறுப்புத் தரை சாம்பல் பூத்திருந்தது. ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். கை எடுத்ததும் அது முன்பக்கமாகச் சாய்ந்தது. வட்டத்தில் இரண்டு கால்கள் மட்டும் நின்றன. உப்பு ஈரத்தை இழுத்து, மாவால் செய்த கணுக்கால்களை அரித்துவிட்டது. அடுத்ததை இன்னும் மெதுவாக வைத்தான். அதுவும் போயிற்று. மூன்றாவது அவன் விரலுக்கிடையிலேயே உடைந்தது. அப்படியும் அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான், ஏதாவது ஒன்று நிற்காதா என்று. துண்டு போட்ட தலைவனைக் கடைசியாக வைத்தான். அது ஒரு நிமிடம் நின்றது. பிறகு அதுவும் விழுந்தது.

நான் சிரித்தேன். சிரிப்பு தன்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

"சண்டைக்கு முன்னாலயே படை மொத்தமும் சரண்டர்" என்றேன். "பகடைக்கு வேலையில்லாமப் போச்சே டே."

அவன் உடைந்த ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளைப் பொருக்கைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் மாறியது. என்னைப் பார்த்துக் கேட்டான், கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோல.

"உப்பு. கழுவணும்னு நீ அறிஞ்சியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. அதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சல்.

"கடக்கரையில சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றேன்.

மேஜையில் இருந்த என் எலும்புப்படையின் தரையை அவன் பார்த்தான். கறுப்பு மண், ஒரு மணி உதிராமல். கால்களை ஒரு பக்கமாகவும் உடல்களை ஒரு பக்கமாகவும் பிரித்து டின்னில் அடுக்கி, மூடியை அழுத்திச் சாத்தி, படியிறங்கிப் போனான்.

தோழன் என் எலும்புகளைத் தானே பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

"நான் உனக்கு மொத சண்டையில விட்டுத் தந்தேன். ஓர்மை உண்டா?" என்றான். "இனி ஞாயிற்றுக்கெழம நீ வராண்டாம்."

கோபம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. டிசம்பரில் அந்தத் தெரு வழியாக, வேறு வேலை இருப்பதுபோல, மூன்று முறை நடந்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. பகடை கதவில் உருளும் சத்தம், துபாய்ப் பிள்ளைகளின் கூச்சல், அதற்கு நடுவே அருமனைக்காரனின் சிரிப்பு. அச்சு அவனிடம்தான் இருந்தது. எண்பதையும் மறுபடி வார்த்திருக்கிறான். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கால் உடைந்தால் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

வாசலில் நின்று கூப்பிட்டேன். தோழன் இறங்கி வந்தான், கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"உனக்க சாதனம். தரச் சொன்னான்."

"நான் மேல வரட்டா டே?"

"மேல எடமில்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். நான் கொடுத்த ஐந்து குட்டிச்சாத்தான்கள். வெறும் பிளாஸ்டிக்காகக் கொடுத்தவை, இப்போது நான்கு விதப் பச்சையும் மஞ்சள் கண்ணுமாக, கருமணல் தரையில் நின்றன. சுற்றியிருந்த வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தான். "மூணு தடவ நல்ல வெள்ளத்துல கழுவின மண்ணு. பயப்படாண்டாம்."

அந்தத் தாளையே மேஜையில் விரித்து, ஐந்தையும் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொன்றாகத் தட்டினேன், ஒரு மணியாவது உதிராதா என்று. அடுத்த ஐப்பசி மழையில், சமையலறைச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தபோது, மறுபடி எடுத்துத் தட்டினேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.