நின்ற இடத்தில் ஓடிய வண்டி

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. கதை கட்டிக்கொண்டு உட்கார நேரமுள்ள பெண் அல்ல அவள். மருத்துவமனைகளின் அழுக்குத் துணியை எடுத்துவந்து வெளுத்துக் கொடுக்கிற தொழில். கணவர் மூட்டை ஏற்றுவார், அவள் பழைய மினிவேனை ஓட்டுவாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் போயிற்று. கோடையில் ஒருநாள், மூட்டையைத் தூக்கிய கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு மூட்டையும் அவளே, ஸ்டியரிங்கும் அவளே.

குளிர்காலம் தொடங்கிய வாரத்தில் வண்டி திடீரென்று பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. தினமும் ஒரே பாதை, போக வரப் பதினெட்டு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி எட்டுக்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் கணக்கெல்லாம் முன்பு கணவர் பார்த்தது; கோடையிலிருந்துதான் அவள் பார்க்கிறாள்.

மெக்கானிக் அவள் கணவருக்குச் சிநேகிதர். ஏர் ஃபில்டரை மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். டயரில் காற்று சரியாக இருந்தது. சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டார்; பிரேக் எங்கேயும் உரசவில்லை. பெட்ரோல் குழாய் நெடுக விரலால் தடவி முகர்ந்தார். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பழைய வண்டி அப்படித்தான் என்று கைகழுவுகிற ஆள் இல்லை அவர். எஞ்சின் ஓடும் நேரத்தை மட்டும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றைப் பொருத்தி, தினமும் வண்டியை எடுக்கும் நேரம், நிறுத்தும் நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அவள் எழுதியதையும் மீட்டரையும் ஒத்துப் பார்த்தார்.

"காலையில எஞ்சினைப் போட்டுட்டு அப்படியே விட்டுடறியாம்மா?"

"இல்லண்ணே."

"தினம் நாப்பது நிமிஷம் சும்மா ஓடியிருக்கு. நின்ன இடத்துலயே."

சாவி ஒன்றுதான். அது இரவில் அவள் தலையணைக்கு அடியில் இருக்கும். யாரோ கள்ளச் சாவி போட்டிருக்கிறார்கள், நாளைக்கே பூட்டை மாற்றிவிடலாம் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

தெருவில் மற்ற வண்டிகளின் கண்ணாடியெல்லாம் காலையில் பனி படிந்து வெளுத்துக் கிடக்கும். ஆளாளுக்குச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அவள் வண்டி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஸ்டியரிங் வெதுவெதுவென்று இருக்கும். இத்தனை நாள் அது ஏன் கண்ணில் படவில்லை? பத்தொன்பது வருஷமாக அப்படியேதான் இருந்தது, அதனால்தான். துணி வெளுக்கும் காரத் தண்ணீரிலேயே கிடந்த விரல்கள் அவளுடையவை. குளிரில் மடங்காது. அதற்காகவே கணவர் குளிர்காலம் முழுக்க 5:10க்கு இறங்கிப்போய் எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பிவிட்டு, சீட்டையும் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 5:50க்கு அவள் வருவாள்.

மறுநாள் காலை 5:00. அவள் வண்டியில் ஏறி ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுகளை உள்ளிருந்து பூட்டினாள். கண்ணாடி முழுக்கப் பனி. வெளியே எதுவும் தெரியவில்லை.

5:08. ஒன்றும் இல்லை.

5:10.

க்ளிக்.

டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. எஞ்சின் ஒருமுறை இருமியது... பிடித்துக்கொண்டது.

சாவி அவள் கைக்குள் இருந்தது.

ஹீட்டர் குமிழ் திரும்பியது. முழுக்க அல்ல. பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவளுக்கு இதமான அளவு.

ஓட்டுநர் சீட்டின் மெத்தை மெல்ல... மெல்ல அமுங்கியது.

உஸ்ஸ்ஸ்...

விரல்களில் சூடான காற்று பட்டது.

ஓட வேண்டும்.

கால் வரவில்லை.

அழுகைதான் வந்தது.

5:31. அவள் அந்தச் சீட்டைப் பார்க்காமலே பேசினாள்.

"என்னங்க... எனக்குக் குளிரலங்க." பொய். "இனிமே எனக்காக எந்திரிக்க வேணாம். படுத்துத் தூங்குங்க."

எஞ்சின் நின்றது. மெத்தை மட்டும் எழும்பவில்லை. 5:50 ஆனபோதுதான் எழும்பியது.

அடுத்த நாள் அவள் கண்ணாடியிலும் பனி படிந்திருந்தது. மடங்காத விரலோடு சுரண்டினாள். இரண்டு வாரத்தில் வண்டி பழையபடி பதினொன்று கொடுத்தது. பூட்டை மாற்றியது நல்லதாகப் போயிற்று என்றார் மெக்கானிக். அவள் மறுத்துப் பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சில நாள் 5:10க்கே போய் உட்கார்ந்து பார்த்தாள். என்னங்க என்று கூப்பிட்டும் பார்த்தாள். இருட்டும் குளிரும்தான் இருந்தன.

எதிர் வீட்டுக்கு ஒரு பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள். இவள் கணவரை அந்தப் பெண் கண்ணால் கண்டதில்லை. இப்படி ஒருவர் இருந்தார் என்றுகூடத் தெரியாது. ஒருநாள் தெருவில் எதிர்ப்பட்டபோது தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்ககிட்ட வேலை பாக்கறவரு... தினம் காலையில உங்க வண்டி கிளம்பினதும் பின்கதவுல கை வச்சுக்கிட்டே தெரு முக்கு வரைக்கும் ஓடி வர்றாரு."

இவள் தினமும் கண்ணாடியில் பின்னால் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறாள். வெறும் தெருதான் தெரியும். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள்.

"நான் குடிவந்த நாள்லேர்ந்து. அம்பது நாள் இருக்கும். இந்தக் குளிர்ல காலுக்குச் செருப்புகூட இல்ல. கொஞ்சம் நின்னு ஏத்திக்கக் கூடாதாக்கா?"