எரிமலை அத்தான்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றுமில்லை. நானே இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அச்சுவேலியில் எங்களுடையது வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள், அதோடு நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். பேய், முனி என்று யாராவது தொடங்கினால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவேன். போன வருசம் புரட்டாதியில் எங்கள் கிணற்றடியில் நடந்ததற்குப் பிறகு அப்படிச் சிரிப்பதில்லை. நடுப்பகல், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, ஆகவே இருட்டில் எதையோ கண்டு வெருண்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கதையின் நாயகன் என் அத்தான், அக்காவின் கணவர். பிரெஞ்சுக்காரர், கல்லையும் எரிமலையையும் படித்த விஞ்ஞானி. அக்கா யுத்த காலத்தில் பாரிசுக்குப் போனவள். அங்கே ஒரு தமிழ்க் கடையில் விற்க வைத்திருந்த அம்மியைக் குனிந்து நக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைக் கண்டு, அது சாப்பாட்டுச் சாமான் இல்லை என்று விளக்கப் போனாள், அது கலியாணத்தில் வந்து முடிந்தது. கல்லை நாக்கால் ஈரமாக்கினால் அதன் நிறமும் உள்ளிருக்கிற மணிகளும் தெளிவாகத் தெரியுமாம், அவர்களின் தொழிலில் அது சாதாரணமாம். எங்கள் ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சனம் 'கல்லுநக்கி' என்று பட்டம் வைத்தது. கருத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், புது ஆட்களைச் சந்தித்தால் அந்தப் பெயரையே சொல்லிக் கைகொடுப்பார். எல்லோருக்கும் மரியாதைதான், எங்கள் நாயைக்கூட "வாங்கோ, இருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவரை எப்படி விரும்பாமல் இருப்பது?

பிரான்சின் நடுவில், அணைந்துபோன எரிமலைகளுக்கு இடையில் பிறந்தவர். முதலில் கல்லை மட்டும்தான் படித்தார், பூதக்கண்ணாடியும் மேசை லாச்சி நிறையக் கற்களும். கூடப் படித்த சிநேகிதன் ஒருவன்தான், கல் பிறக்கிற இடத்தைக் காட்டுகிறேன் வா என்று எரிமலைக்கு இழுத்துப் போனானாம். இத்தாலி, ஐஸ்லாந்து, இந்தோனேசியா என்று இருவரும் ஒன்றாகவே திரிந்தார்கள். ஓர் எரிமலை வாயில், பள்ளத்துக்குள் மஞ்சள் பளிங்கு மின்னுவதைக் கண்டு சிநேகிதன் முந்திக்கொண்டு இறங்கிவிட்டான். மணமில்லாத நச்சுக் காற்று அங்கே தேங்கிக் கிடந்திருக்கிறது. இவர் மேலே நின்று கூப்பிடக் கூப்பிட அவன் சாய்ந்துபோனான். அதற்குப் பிறகு அத்தான் கல்லை விட்டுவிட்டுக் காற்றைப் படித்தார். எரிமலையடி ஊர்களுக்குப் போய், பள்ளத்தில் இறங்க முன் ஒரு விளக்கை இறக்கிப் பாருங்கள், அணைந்தால் இறங்காதீர்கள் என்று சொல்வதே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. இவ்வளவும் அக்கா சொல்லித்தான் தெரியும். அத்தான் எங்களிடம் அந்தச் சிநேகிதனைப் பற்றி வாயே திறந்ததில்லை, அவன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு தை மாதம் பிறந்தால் இங்கே வந்துவிடுவார்.

"உங்கடை ஊர் முழுக்கக் கடல் செய்த சுண்ணாம்புக்கல்லு தங்கச்சி. இஞ்சை நிலம் கோவிக்காது. எனக்கு இஞ்சைதான் நல்ல நித்திரை வருது" என்பார்.

கிணற்றுக்கு மட்டும் பயம். எங்கள் ஆட்களின் வேலை தெரியும்தானே, கோடையில் தண்ணீர் கீழே போய் மேலே நிற்கிற, எண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் இழுக்காவிட்டால், அந்த மெசினையே கயிறு கட்டி இறக்கி, கிணற்றுச் சுவரில் நீட்டி நிற்கிற உள்தட்டில் வைத்து ஓட்டுவோம். புகை போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அத்தான் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டார். அன்றைக்கே டவுனுக்குப் போய் ஒரு அரிக்கன் லாம்பு வாங்கி வந்து கிணற்றடிக் கொட்டிலில் கொழுவித் தொங்கவிட்டார்.

"அண்ணை, இது எரிமலையில்லை, கிணறு" என்று என் மனுசன் பகிடி பண்ணினார்.

"ஓம் தம்பி. ரெண்டுக்குள்ளையும் ஆக்கள் செத்திருக்கினம்."

அதற்கு மேல் மனுசன் பகிடி விடவில்லை, ஆனால் மெசின் இறக்குகிற பழக்கத்தை விட்டாரா என்றால் அதுவுமில்லை. அடுத்த வருசம் அத்தான் பாரிசில் நித்திரையிலேயே போய்விட்டார். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை, செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தோம். கூடப் பிறந்த அண்ணை போனது போல அழுதேன். லாம்பு கொட்டிலிலேயே எண்ணெய் வற்றித் துருப்பிடித்துக் கிடந்தது.

இனி அன்றைக்கு நடந்தது. கிணறு இறைத்துச் சேறு அள்ளவென்று மனுசன் காலையிலேயே மெசினை உள்ளே இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் குசினியில் விளைமீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தேன். மெசின் சத்தம் நின்றது. இனி இவர் இறங்கித் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன், தடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த மீனை எடுத்தேன். அதைக் கீறும்போது என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. இடையில் நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை, வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்வேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மனுசன் கிணற்றுக் கட்டோடு நிலத்தில் குந்தியிருக்கிறார், முகம் வெளிறிக் கிடக்கிறது.

"எங்கை போனீர்? இப்ப இதிலையெல்லோ நிண்டனீர்!"

"நான் குசினிக்குள்ளை மீன் வெட்டிக்கொண்டிருக்கிறன். என்னப்பா கதைக்கிறியள்?"

"நீர்தான் வந்தனீர். நான் ஒரு காலை உள்ளுக்கு வைக்க, தோளிலை பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டு, லாம்பைக் கொளுத்தி இறக்கினனீர். உள்தட்டுக்குக் கிட்டப் போக அது அணைஞ்சு போச்சு. என்ரை கண்ணாலை பாத்தனான்."

லாம்பு இறக்கின கயிற்றின் நுனி கிணற்றுத் தூணில் கட்டியிருந்தது. நான் தொட முன்னமே பார்த்தேன், கயிறு நெடுக மீன் செதிள். அவருடைய சேட்டுத் தோளிலும் செதிள். இழுத்தால் அத்தானின் லாம்பு வருகிறது, கண்ணாடி கையைச் சுட்டது, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அன்று இறங்கியிருந்தால் மனுசன் ஏறி வந்திருக்க மாட்டார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், மீன் கையோடேயே.

நீங்கள் சொல்லப்போவது தெரியும், நானே போய்ச் செய்துவிட்டு மறந்துவிட்டேன் என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் தெளிந்த பிறகு மனுசன் இன்னொன்றும் சொன்னார்.

"லாம்பு அணைஞ்ச பிறகும் நீர் விலகேல்லை. குனிஞ்சு நிண்டு 'எமில், எமில்' எண்டு உள்ளுக்குக் கூப்பிட்டனீர். அழுது அழுது கூப்பிட்டனீர்."

எமில் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். வேறொன்றும் சொல்லாமல், "அக்கா, எமில் எண்டது ஆர்?" என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கு ஆரடி சொன்னது? அது அந்தச் சிநேகிதன்ரை பேர். கலியாணம் கட்டின புதிசிலை எனக்கு ஒருக்காச் சொன்னவர். பிறகு வீட்டிலை அந்தப் பேரை எடுக்கவே விடேல்லை."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா ஒன்றையும் சந்தேகப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்னட்டை ஒருக்காலும் வரேல்லையடி" என்று அழுதாள். "இன்னும் அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறார் போலை."

என் மனுசனை அத்தான் எனக்குத் திருப்பித் தந்தாரே என்று சந்தோஷப்படுவதா, செத்தும் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்கிறாரே என்று அழுவதா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மெசினை அடுத்த நாள் மேலே நின்றே கொழுக்கி போட்டு எடுத்தோம், அதற்குப் பிறகு உள்ளே இறக்கவில்லை.

மனுசன் மிச்சத்தை என்னிடம் சொன்னது கிறிஸ்மஸ் எல்லாம் முடிந்த பிறகுதான். அன்றைக்கு அந்த 'நான்' எமில் என்று கூப்பிட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பதில் சொன்னது கேட்டதாம். ஆண் குரல், ஏதோ அந்நியப் பாஷை. பயந்த குரல் இல்லையாம். தோட்டத்தில் வேலையாய் நிற்கிற ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் இந்தா வாறன் என்று சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாக இருந்ததாம்.

இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணியைத்தான் குடிக்கிறோம், இப்போது நீங்கள் குடித்த தேத்தண்ணியும் அதுதான். ஆனால் வாளி விடும்போது, கீழே நிற்கிற ஆளின் தலையில் பட்டுவிடக்கூடாதே என்று என் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது.