அக்கா ஊற்றாத ஸ்பிரிட்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கியதும் பைக்குள் வைத்துவிடும் உறவினர்கள், இந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிட்டு வைக்குமாறு வேண்டுகிறேன்.

அக்கா கொட்டாம்பட்டிக்கு அருகே பிறந்தவர். அப்பா தவறியபின் என்னைப் படிக்க வைத்தவர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தார். வண்ணச் சுடர் காட்டுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். சிம்மக்கல் கடையில் வாங்கிய மயில்துத்தம், சமையல் உப்பு, கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர், அவ்வளவுதான் சரக்கு. தனித்தனியே தண்ணீரில் கரைத்து, மரக்குச்சிகளை ஊறவைத்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். உப்புக்கு மஞ்சள், துத்தத்துக்கு நீலப்பச்சை, கேரம் பவுடருக்கு இளம்பச்சை. பக்கத்தில் வாளித் தண்ணீர் இல்லாமல் தீப்பெட்டியைத் தொடமாட்டார். ஸ்பிரிட் புட்டியை மூடி அடுத்த அறைக்கு அனுப்பிய பிறகே விளக்கேற்றுவார்.

அதே பள்ளியில் நான் தற்காலிக ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். அறிவியல் கண்காட்சியன்று, மைதானத்தில் உச்சி வெயிலில், நானே சுடர் காட்டினேன். வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. விளக்கு அணைந்துவிட்டதென்று எண்ணிப் புட்டியைச் சாய்த்தேன். குப்பென்று பிடித்தது. ஓடிவந்த அக்கா புட்டியைத் தட்டிவிட்டார். அவருடைய வலக்கை வெந்துபோனது. மாணவர் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தாளாளர் அறைக்குப் போகும் வழியில் அக்கா சொன்னார்: "நீ வாயத் திறக்காத. ஒனக்கு நிரந்தர ஆர்டர் வார நேரம். என்னைய வெளிய அனுப்ப மாட்டாக."

உள்ளே போனதும், "ஊத்துனது நாந்தான் சார்" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை வெளியே அனுப்பவில்லை. நூலகத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஆய்வகத்துக்கு நேரெதிர் அறை. கம்பி ஜன்னல் வழியே அவர் இங்கே பார்ப்பார், நான் தலை நிமிர மாட்டேன். சொல்லிவிட்டால் அவர் பொய் சொன்னதும் வெளிவரும், அவர் வேலைக்கும் ஆபத்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் கோழை. ஒரு கல்யாணப் பந்தியில், "அம்புட்டுப் படிச்சும் கவனமில்லையே" என்று உறவினர் ஒருவர் சொன்னதை அக்கா இலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். பக்கத்து இலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில், "தம்பி, ஒருக்கா பச்சை காட்டுடா" என்றார். கட்டிலுக்கு எட்டத்தில் மேசை போட்டேன்.

"புட்டிய மூடிட்டியா?"

"மூடிட்டேங்க்கா."

"வெளிய வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

பிறகே தலையசைத்தார். பச்சைச் சுடர் அணையும்வரை பார்த்தார்.

"இப்பவாச்சும் சொல்லிரவாக்கா?" என்றேன்.

"நான் போனப்பறம் சொல்லு. இருக்கையில சொன்னா ஒனக்காகப் பேச நான் எந்திரிக்கணும். தெம்பில்ல."

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பள்ளித் தாளாளருக்கும் இம்மலரை இன்று நேரில் கொடுக்கிறேன். என் வேலையை அவர் என்ன செய்தாலும் சரி. கண்காட்சியன்று அக்கா அந்தப் புட்டியைத் தொட்டது, என் கையிலிருந்து அதைத் தட்டிவிட்ட அந்த ஒருமுறைதான்.