நாடகத்து வாசலில் நான் போட்ட கோலம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம் முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன அரங்கத்தின் வாசலில் இது நடந்தது. அன்று நான் செய்த தவறை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிவிடும். கூடவே சிரிப்பும் வரும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டேன். ஈசூனில் கணவர், மகன், மருமகளோடு இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோவில், கார்த்திகை விரதம், சமையல் என்று போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சனிக்கிழமைகளில் பத்துப் பேர் கூடி நாடகம் ஒத்திகை பார்ப்பார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர், கணக்கு டீச்சர் ஒருவர். தொண்டை வறண்டு கத்துகிறார்களே என்று ஒருநாள் ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் நானும் அந்தக் குழுவில் ஒருத்தி ஆகிவிட்டேன்.

குழுவை நடத்துகிற தம்பி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், முஸ்லிம் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரே பிடிவாதம். நாடகம் எல்லாருக்கும் வேண்டும், வர முடியாதவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது. காது கேட்காதவர்களுக்காக வசனத்தைத் திரையில் போட ஏற்பாடு செய்தார். கண் தெரியாதவர்களை முன்கூட்டியே மேடைக்குக் கூட்டிப்போய், சாமான்களைத் தொட்டுப் பார்க்க வைத்தார். யாராவது சத்தம் போட்டாலும், பாதியில் எழுந்து நடந்தாலும் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்றார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை ஒரு மூலையில் தள்ளிவிடாமல், ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு நாற்காலியை எடுத்து இடம் விட்டார். அப்போதுதான் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார முடியும் என்றார். கடைவீட்டு வாசலில் இரண்டு படி உண்டு. அதன் மேல் பலகையால் ஒரு சரிவுப் பாதை செய்து போட்டார்கள்.

ஆட்களைக் கூட்டி வருவது என் வேலை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் கடை கடையாகத் துண்டுச்சீட்டு கொடுத்தேன். ஆட்டிறைச்சிக் கடை பாய் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த சேனல்ல வருது?"

"சேனல் இல்ல பாய். நேர்ல நடிக்கிறாங்க."

"அப்போ நடுவுல விளம்பரம் வராதா? நான் எப்போ எந்திரிச்சு டீ குடிக்கிறது லா?"

கேலி செய்துவிட்டு, ஒரு கட்டுச் சீட்டை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு உண்மையில் ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்று இருந்தது. எங்கள் மாடியில், மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் ரயில் ஏறித் தேக்காவுக்குப் போவோம். கோவிலுக்குப் போய்விட்டு, பூ வாங்கி, தோசை சாப்பிட்டு, வீடு வந்து சேருகிறவரை வாய் ஓயாமல் பேசுவார். சர்க்கரை நோயால் அவருக்கு ஒரு காலை எடுக்கும்படி ஆயிற்று. அதற்குப் பிறகும் தைரியமாகத்தான் இருந்தார். அந்த நிலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மண்டபத்தில் படி இருந்தது. நான்கு ஆண்கள் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். சேலை விலகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போவதை நிறுத்திவிட்டார். கோவிலுக்குக்கூட வரவில்லை. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து சீரியல்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். அவர் திட்டுவதைக் கேட்கவே நான் போவேன். சீரியலைவிட அது நன்றாக இருக்கும்.

மூன்று வாரம் நச்சரித்தேன். கடைசியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"என்னை யாரும் தூக்க மாட்டாங்களே?"

"ஒருத்தரும் தொட மாட்டாங்கக்கா. நேரா உருட்டிட்டு உள்ள வரலாம். நான் பொறுப்பு."

"நீ சொல்றதால வரேன். இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா இனிமே எங்கயும் கூப்பிடாத."

நாடகத்தன்று மதியமே நான் அரங்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பலகைச் சரிவைப் பார்த்தேன். புதுப் பலகை, சாயம்கூட அடிக்கவில்லை. பொட்டு வைக்காத நெற்றி மாதிரி எனக்கு இருந்தது. நல்ல காரியம் நடக்கிற இடம், வாசல் மங்களமாக இருக்க வேண்டாமா? தேக்காவில் வாங்கிய கோலமாவும் கலர் பொடியும் பையில் இருந்தன. சரிவு முடிகிற இடத்தில், கதவுக்கு நேராக, சமதளத்தில் உட்கார்ந்து கோலம் போட்டேன். நடுவில் முருகனுடைய வேல், மேலே ஓம், சுற்றிலும் தாமரை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று. உள்ளே நெருப்பு கூடாது என்று அரங்கத்துக்காரர்கள் சொன்னதால் இரண்டு பக்கமும் பேட்டரி விளக்கு வைத்தேன். அந்தப் பிள்ளைகள் வசனம் மறக்காமல் நடிக்க வேண்டும், அக்கா சந்தோஷமாகத் திரும்ப வேண்டும் என்று கும்பிட்டேன்.

தம்பி வந்து பார்த்தார். கோலத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குக்கா. வழி போதுமா?"

"போதும் தம்பி. எல்லாரும் ஓரமாப் போவாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். சனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் கோலத்தை மிதிக்காமல், சேலையையோ வேட்டியையோ கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கதவோரமாகக் கால் வைத்துப் போனார்கள். ஆட்டிறைச்சிக் கடை பாயும் குடும்பத்தோடு வந்து, அதே மாதிரி நுனிக்காலில் தாண்டிப் போனார். இரண்டு பேர் நின்று படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தார். அவருடைய மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்கா பச்சைப் பட்டு கட்டி, தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தார். ஈசூனில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி வந்த களைப்பு முகத்தில் கொஞ்சமும் இல்லை. சரிவில் பாதி ஏறியதும், "நிறுத்து, நிறுத்து" என்றார்.

கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ போட்டதா?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு. நான் எப்படி உள்ள போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடக்கிறவர்களுக்கு ஓரம் இருந்தது. சக்கரத்துக்கு ஓரம் இல்லை. அந்த நாற்காலி உள்ளே போக வேண்டுமானால் வேலின் மேல் ஏறித்தான் போக வேண்டும்.

"ஏறி வாங்கக்கா, பரவாயில்ல" என்றேன்.

"என்ன பேசுற நீ? இந்தச் சக்கரம் ரோடு, டாய்லெட் எல்லாம் உருண்டு வந்திருக்கு. முருகன் மேல ஏத்தச் சொல்றியா?"

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பவுடர். வந்தது வந்துட்டோம் லா."

"வாயக் கழுவு."

சத்தம் கேட்டு உள்ளே இருந்து இரண்டு ஆண்கள் வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். "ஆன்ட்டி, கவலைப்படாதீங்க, அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வச்சிடுறோம்" என்று குனிந்தார்கள். அக்கா இரண்டு கையாலும் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்பா. யாரும் தொடாதீங்க." பிறகு மகளிடம் மெதுவாகச் சொன்னார். "திருப்பு. வீட்டுக்குப் போவோம்."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். திட்டவில்லை. நாற்காலி பின்னால் நகர ஆரம்பித்தது. இப்போது போனால் இந்த அக்கா இனி வெளியே வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

காரியம் தொடங்கும் முன்னே கோலத்தை அழிப்பது ஆகாது என்றுதான் நான் வளர்ந்திருக்கிறேன். அதுவும் வேல். ஏதாவது கெட்டது நடந்துவிடுமோ என்று பயந்தேன். "முருகா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன். முதலில் வேலைத்தான் கையால் வழித்தேன். பொடியை உள்ளங்கையில் அள்ளி ஓரமாக வைத்தேன். பிறகு ஓம். அக்கா "ஏய், என்ன பண்ற, அழிக்காத" என்று கத்தினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கலர் பொடி லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்போது என் பக்கத்தில் ஈரத் துடைப்பம் ஒன்று வந்து தரையைத் தொட்டது. யார் என்று பார்த்தால் பிணம்.

நாடகம் ஒரு சாவு வீட்டில் தொடங்கும். செத்துக் கிடக்கிற பெரியவராக நடித்தவர் எங்கள் பஸ் ஓட்டுகிற அண்ணன். வேஷத்தோடு இருந்தார். நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. கழுத்தில் மாலையோடு, மிகவும் பொறுப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யாருப்பா நீ? செத்தவனா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"எப்ப செத்த?"

அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டி, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று விரலை விரித்துக் காட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே குலுங்கினாள்.

"செத்த மனுஷனே எந்திரிச்சு வந்து வழி துடைக்கிறாரு. இதுக்கு மேல நான் வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்? தள்ளுடி" என்றார்.

யாரும் தூக்கவில்லை. யாரும் தொடவில்லை. ஈரத் தரையில் சக்கரம் உருண்டு உள்ளே போயிற்று. மூன்றாவது வரிசையின் நடுவில், மகளுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் இருந்தது.

நாடகம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. வீட்டில் டிவி பார்ப்பது போலத்தான் அக்கா பார்த்தார். மேடையில் மருமகளாக நடித்த தாதிப் பெண் பிணத்தைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இங்க யாருக்காச்சும் இவரு மேல உண்மையான பாசம் இருந்துச்சா?" என்று கேட்டாள். அடுத்த வசனத்துக்காக நிறுத்தினாள். "ஒருத்தருக்கும் இல்ல லா" என்று மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வந்தது. அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் அசரவில்லை. "நல்லா சொன்னீங்க பெரியம்மா, இவங்களுக்கு உறைக்கட்டும்" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். பிணத்தின் வயிறு மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் தம்பி என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். ஆனால் அவர்தான் கேட்டார்.

"நான் அப்பவே பார்த்தேன்க்கா. சாமி விஷயம், நான் போய் எப்படி எடுக்கச் சொல்றதுன்னு தயங்கிட்டேன். சொல்லியிருக்கணும்."

"நீங்க சொல்லியிருந்தா நான் கோபப்பட்டிருப்பேன் தம்பி" என்றேன். அதுதான் உண்மை.

திரும்பும்போது ரயிலில் அக்கா நாடகத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். பிணத்துக்கு அவ்வளவு தொப்பை ஆகாது. கடைசி மகனாக நடித்தவனுக்கு அழத் தெரியவில்லை, வெங்காயம் கொடுங்கள். கோலத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஈசூன் வந்து இறங்கும்போது மட்டும், பொடி ஒட்டிய என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் குழுவில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாடகம் போடும் நாளில் எல்லாருக்கும் முன்னே போய், ஒரு சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து, தெருவிலிருந்து மேடை வரைக்கும், அங்கிருந்து கழிவறை வரைக்கும் உருட்டிப் பார்ப்பேன். இடிக்கிற இடத்தில் இறங்கிச் சரிசெய்வேன். கோலத்தைப் பலகையில் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறேன். ஆட்களைக் கூட்டும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். துண்டுச்சீட்டு எல்லாம் அவருக்கு வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து போனைப் போட்டு, "நான் வரேன், உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பார். வெளியே வரப் பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்த எத்தனையோ பேர் அந்த ஒரு கேள்விக்கு வந்துவிட்டார்கள்.

கோவிலுக்குள் வர முடியாதவர்களையும் பார்க்கத்தான் சாமி திருவிழாவில் தேரேறித் தெருவுக்கு வருகிறார் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ தேருக்கு நின்று கும்பிட்ட நான், அந்தச் சாமியின் வேலாயுதத்தையே வரைந்து ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டேன். அன்று அதை என் கையாலேயே துடைக்க வைத்ததும் அவர்தான் என்று நம்புகிறேன். இத்தனை வருடம் நான் செய்த பூஜைகளில் அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது அன்று நான் துடைத்ததைத்தான் என்று என் மனதுக்குப் படுகிறது.