மிதிக்க முடிந்தது, தூக்க முடியவில்லை

நடந்தவை, வரிசைப்படி:

1. குறுவை நடவின்போது பூதலூர்ப் பக்கம் ஒரு வயலில் நடவு எந்திரம் நாற்றைப் பிடிக்காமல் உதிர்த்தது. அதைச் சரிசெய்வது என் வேலை. காலையிலிருந்து மாலைவரை அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

2. எழுந்தபோது இடது கால் மரத்திருந்தது. உதறிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

3. மறுநாள் இடது செருப்பு மூன்று முறை கழன்றது. நடக்கையில் பாதம் 'தப்' என்று தரையில் விழுந்தது.

4. முட்டியில் பலமில்லை என்று நானே முடிவுசெய்து, மருந்துக்கடையில் முட்டிப்பட்டை வாங்கி இறுக்கமாகப் போட்டுக்கொண்டேன். பத்து நாள்.

5. பதினோராம் நாள் பாதத்தை மேல்நோக்கி மடக்கவே முடியவில்லை.

நான்காவது என் பிழை. தளரும் இடத்துக்கு முட்டுக் கொடுக்கப் படித்தவள் நான். அதைத்தான் செய்தேன்.

எந்திரம் ஓட்டும் சகாயராஜ் அண்ணன் நம்பவில்லை.

"மிதிக்க வருதுல்ல மேடம், அப்புறம் என்ன?"

"தூக்க வரலண்ணே."

"கிளட்ச மிதிச்சாப் போதும். தூக்குறதுக்கு ஸ்பிரிங் இருக்கு."

"மெஷினுக்கு இருக்கு. எனக்கு இல்லையே."

தஞ்சாவூரில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். எலும்பில் ஒன்றுமில்லை. முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம் இருக்கும் எலும்புப் புடைப்பை விரலால் தட்டினார். பாதத்தின் மேல்பக்கம்வரை சுரீரென்றது.

"நரம்பு இந்த எடத்துல தோலுக்கு அடியிலேயே போகுது. குத்தவச்சு உக்காந்ததுல நசுங்கியிருக்கு. இது மேல பட்டைய இறுக்கிப் போட்டிருக்கீங்க. யார் சொன்னா?"

"நானேதான்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"மெக்கானிக்கல் எஞ்சினீயரிங்."

"அதானே பாத்தேன்," என்றார்.

இதற்குப் பாதத்தொய்வு (பாதம் கீழே தொங்கிவிடுதல்) என்று பெயர். எலும்பு நெம்புகோல், தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) கம்பி, இழுப்பது தசை. இவ்வளவும் எனக்கு உடனே புரிந்தது. புரிய நேரமெடுத்தது வேறொன்று: தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பாதத்தை அழுத்தக் கெண்டைக்கால் தசை ஒரு பக்கம் இழுக்கிறது. தூக்குவதற்கு முன்பக்கத் தசை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். என் முன்பக்கத் தசைக்குச் செய்தி போகவில்லை. எதிராள் இல்லாத கெண்டைக்கால், பாதத்தைக் கீழேயே வைத்துக்கொண்டது.

நரம்புக் கடத்தல் சோதனையும் (நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி, அது தசைவரை போகிறதா என்று பார்ப்பது) அதையே சொன்னது. மருத்துவர் மூன்று மாதம் கொடுத்தார். அதற்குள் தசையில் அசைவு தெரியாவிட்டால் அறுவைசிகிச்சை: பின்பக்கத் தசைநாண் ஒன்றைப் பிரித்து முன்னால் கொண்டுவந்து கட்டுவது. நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். மணி, முயற்சி, விளைவு. விளைவுப் பத்தி முழுவதும் பூச்சியம்.

தசையின் பலத்தைப் பூச்சியத்திலிருந்து ஐந்துவரை எண்ணால் குறிப்பார்கள். ஒன்று என்றால் பாதம் நகராது, தசை மட்டும் துடிக்கும். அந்த ஒன்றுக்காக எங்கும் நிம்மதியாக உட்கார முடியாமல் திரிந்தேன். ரயிலில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பாதத்தைத் திரும்பத் திரும்பத் தூக்க முயன்றேன். பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தன தடவ பாக்குறீங்க?"

"நாப்பது."

"கால் என்ன பரிட்சையா எழுதுது? பயிற்சி மூணு வேள. மத்த நேரம் அதச் சும்மா விடுங்க."

என்னால் விட முடியவில்லை.

அம்மாவாலும் முடியவில்லை. என் பக்கத்தில் பாயில் படுத்து, தன் பாதத்தை மடக்கிக் காட்டுவார். "இவ்வளவுதான்டி. இந்தா, இப்புடி." ஒவ்வொரு முறையும் அவர் கணுக்காலின் முன்னால் தசைநாண் கயிறுபோல் விறைத்து எழும். அவருக்கே அது தெரியாது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்படித் தூக்குகிறாய் என்று கேட்டால், "தூக்குறேன், தூக்குது" என்பார். நானும் அப்படித்தான் இருந்தேன், இருபத்தாறு வருடம்.

எழுபத்து நான்காம் நாள் மதியம், என் பாதத்தை மடியில் வைத்து அம்மா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகவெட்டி நின்றது.

"இரு. மறுபடி பண்ணு."

"என்னத்தம்மா?"

"இப்பப் பண்ணினியே, அத."

நான் செய்தது வழக்கமான முயற்சிதான். பாதம் நகரவில்லை. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் கட்டைவிரலுக்கு அடியில், தசைநாண் ஒரு முறை இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது. என் விரலை எடுத்து அங்கே வைத்தார். மூன்றாவது முயற்சியில் எனக்கும் தட்டுப்பட்டது.

"ஏண்டி அழுவுற? நகந்தான வெட்டுனேன்," என்றார்.

மறுநாள் மருத்துவர் தொட்டுப் பார்த்து 'ஒன்று' என்று எழுதினார். அறுவைசிகிச்சைத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: நடக்கையில் பாதம் தரையில் இழுபட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முட்டிக்குக் கீழே எதையும் இறுக்காதீர்கள். துடிப்பைக் கண்ணால் மட்டும் தேடாதீர்கள்; வேறொருவர் கையைத் தசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.

நாட்களை நான் இப்போது நீளமாகத்தான் நினைக்கிறேன். ஒரு வாரம் என்பது ஏழு மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தின் பாதி.

இது எட்டாவது மாதம். கணுக்கால் நான்கு, பெருவிரல் மூன்று. வரப்பில் நடக்கிறேன். சேற்றில் பன்னிரண்டு எட்டு வைக்க முடிகிறது; பதின்மூன்றாவதில் பாதம் மேலே வருவதில்லை.