அக்காவின் சிம் அட்டை உறை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சிம் அட்டையின் காகித உறை கிடக்கிறது. அதன் மேல் பத்து இலக்கங்கள். மீன்கார அக்கா, கடைக்காரப் பையனைக் கேட்டுப் பேனாவால் எழுதி வாங்கி வந்தது. ஈரக் கையோடு கொடுத்ததால் மை கொஞ்சம் பரவியிருக்கிறது.

நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் அவரிடம்தான் வருடக்கணக்காக வஞ்சிரம் வாங்கினேன். புதிதாகக் கட்டிய மீன் கூடத்தில் இடம் கேட்கும் பெண்களைப் பதிவு செய்ய ஒரு வலைத்தளம் வேண்டுமென்று அவர்களுடைய சங்கத்தார் கேட்டபோது, நான் இலவசமாகச் செய்துதருகிறேன் என்று பெருமையாகத் தலையாட்டினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சர்வரை எழுப்பி, டேட்டாபேஸை இணைத்தேன். ஆட்களுக்கான அட்டவணையை மட்டும் என் மென்பொருள் அலுவலகத்தின் பழைய திட்டம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு பெயர்தான் என்ற விதியும் அதோடு வந்தது. அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டுக்கே ஒரு போன்தான் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை முறை அக்காவுக்குப் போன் செய்து, அவருடைய ஓரகத்தியிடம் பேசியிருக்கிறேன்!

ஓரகத்தி முதலில் பதிந்துவிட்டார். அடுத்து அக்கா வந்தபோது, இந்த எண் ஏற்கெனவே உள்ளது என்றது திரை.

“இன்னா நைனா, என்னிய வோணாங்குதா?”

“நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க போங்க” என்றேன். நிரலில் அந்த விதியின் ஒரு வரியை நீக்கினால் போதும். மறந்துபோனேன். அட்டவணையில் இருந்த பெயர்களுக்கே சங்கத்தார் இடங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள், ஒன்றுகூட மிச்சமில்லை. கெஞ்சிப் பார்த்தேன். பட்டியல் நீங்க கொடுத்ததுதானே சார் என்றார்கள்.

விஷயம் தெரியாமல் அக்கா மறுநாள் இந்த உறையோடு வந்தார். “எனக்குன்னு தனி நம்பர் வாங்கிக்கினேன் நைனா. இப்ப ஏத்திக்கும்ல?”

நான் மறந்ததையும் இடம் தீர்ந்ததையும் சொன்னேன். உறையை என் கையில் வைத்தார். “சரி வுடு, நீ இன்னா பண்ணுவே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாலையோரத்தில் இப்போது யாரையும் உட்கார விடுவதில்லை. அக்கா ஆதம்பாக்கத்தில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். “மீனையே தொட மாட்டேங்கறா” என்றார் ஓரகத்தி, கூடத்தில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்று அலுவலகத்தில் இன்னொரு புதிய திட்டம். கைபேசி எண் வரும் வரியில் கை நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் எண்ணை நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை. அழைத்தால், “சொல்லு நைனா, சாப்ட்டியா?” என்றுதான் கேட்பார்.