பூட்டில்லாத கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை காலையில். மேலே சுற்றுகிற மின்விசிறியின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே யாரோ விரல் நகத்தால் தட்டுகிற மாதிரி இருந்தது.

உடனே ரிப்பேர்காரருக்கு போன் போட்டேன். "அண்ணே, அது ஹார்ட் டிஸ்க். போகப் போவுது. பௌர்ணமின்னு ரோடெல்லாம் அடைச்சிட்டாங்க, வண்டி எங்க வர்றது? செவ்வாக்கிழமை வரேன். அதுவரைக்கும் ஆஃப் பண்ணிடாதீங்க. பண்ணா திரும்ப உசுரு வருமான்னு சொல்ல முடியாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சுவிட்ச் மேல் யார் கையும் படக் கூடாது என்று 'தொடாதே' என எழுதி ஒட்டினேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் மேஜை போட்டு, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிறேன். அச்சடிப்பது டவுனில் வேறு ஒருவர். பதினாலு வருஷமாக அடித்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஒன்றைக்கூட அழித்ததில்லை.

காரணம் இருக்கிறது. பத்திரிகையில் பெயர் வரிசை என்பது சாதாரண விஷயம் இல்லை. பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போய்விட்டால் மண்டபத்தில் சாப்பாடு ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். ஒரு முறை, தாய்மாமன் பெயர் விட்டுப்போனது என்று நாலு பேர் என் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அவர்கள் வீட்டில் எழுதிக் கொடுத்த தாளை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். திரையில் காட்டினேன். தாய்மாமன் பெயர் அதிலேயே இல்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் டைப்.

எனக்கென்று காட்ட வேறு சான்றிதழ் எதுவும் கிடையாது. பத்தாவது பரீட்சையின் முதல் நாளே ஹால் டிக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். "நம்பரையாவது சொல்லுடா, லிஸ்ட்ல பாத்து உக்கார வெக்கறேன்" என்றார் வாசலில் நின்ற வாத்தியார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த நம்பர். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. எடுத்து வா என்று அனுப்பினார். ஊருக்குப் போகிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்பர் முழுசாக ஞாபகம் வந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை. மறுநாளும் போகவில்லை. வீட்டில் அப்போது வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் கம்மி. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. எதையும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

பென் டிரைவில் காப்பி எடுக்கலாம் என்று அன்று காலை செருகிப் பார்த்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. பிடுங்கியதும் மூச்சு வந்தது. மறுபடி செருகத் தைரியம் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு லேப்டாப். மனைவியின் தம்பி கீழ்பென்னாத்தூரில் இருக்கிறான். பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, "இதுல வைரஸ் பயம் ஜாஸ்தி இல்ல மாமா" என்று போன வருஷம் கொடுத்திருந்தான். வைரஸ் வராது என்றதால் வாங்கி வைத்தேன். புரியாததால் தொடவில்லை. விண்டோஸ் பெட்டியில் இருப்பதை வீட்டு வைஃபை வழியாகவே அந்த லேப்டாப்புக்கு இழுத்துவிடலாம் என்று போனில் சொன்னான். பைக்கில் வரவும் அவனால் முடியாது. ஊரைச் சுற்றி அவ்வளவு ஜனம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தோம். பெட்டியில் என் ஃபோல்டரை 'ஷேர்' செய்யச் சொன்னான். செய்தேன். லேப்டாப்பில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, உங்க பெட்டில நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருக்கா, 'பிரைவேட்'னு இருக்கா?"

"பப்ளிக்."

"அதான். வெளியிடத்துல இருக்கோம்னு நினைச்சு அது ஒளிஞ்சிக்கும். பிரைவேட்னு மாத்துங்க. அதை யாரு பப்ளிக்னு வெச்சது?"

நான்தான். ஏதோ ஒரு நாள் கேட்டது. இரண்டில் எது ஆபத்து இல்லாதது என்று தெரியாமல் அரை மணி நேரம் யோசித்து அமுக்கியது. அதைச் சொல்லவில்லை. மாற்றினேன். லேப்டாப்பில் ஃபோல்டரின் பெயர் வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதைத் தட்டினேன். சின்னப் பெட்டி ஒன்று திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. விண்டோஸில் இருக்கிற பெயரைப் போட்டு எண்டர் தட்டினேன். ஒரு கணம் யோசித்துவிட்டு மறுபடி அதே பெட்டி வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது.

"பாஸ்வேர்டு கரெக்டா போடறீங்களா மாமா?"

"கரெக்டாதான் மச்சான் போடறேன்."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அதை அணைக்கச் சொன்னான், இதைத் திறக்கச் சொன்னான், வைஃபை பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான். மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே ஜனங்கள் நடக்கிற சத்தம் ஓயாமல் கேட்டது. மேஜைக்கு அடியில் டக், டக். முதலில் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு பயந்து எண்ணுவதை விட்டேன். கரண்ட் போனால் யூபிஎஸ் ஐந்து நிமிஷம் தாங்கும். நான்கு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி சோற்றுத் தட்டுடன் பின்னால் வந்து நின்றாள். வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"இன்னாத்த போடறீங்க? வெறும் எண்டர்தானே தட்டறீங்க!"

"பேசாம இரு."

"டேய் தம்பி, உங்க மாமா பாஸ்வேர்டே போடலடா. கட்டத்தை காலியா வுட்டு தட்டினு இருக்காரு."

"மாமா... பெட்டிக்கு பாஸ்வேர்டே வெக்கலியா?"

"எதுக்கு வெக்கணும்? வீட்லதானே இருக்குது. மறந்துட்டா யாரு வந்து தொறப்பா?"

"அய்யோ மாமா! பாஸ்வேர்டு இல்லாத ஆளை நெட்வொர்க் வழியா உள்ள வுடவே வுடாது. நேரா வந்து உக்காந்தா வுடும். தள்ளி இருந்து வந்தா, பாஸ்வேர்டு வெச்சவங்களத்தான் வுடும். காலைலேர்ந்து கரெக்டா போடறேன், கரெக்டா போடறேன்னீங்களே!"

"காலியா போடறதுதான்டா கரெக்ட்டு, உங்க மாமாவுக்கு" என்றாள் அவள்.

சிரித்தார்கள். அக்கா தம்பி இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவி தொலைந்துவிடும் என்று பயந்து பதினாலு வருஷம் பூட்டே போடாமல் இருந்திருக்கிறேன். பூட்டு இல்லை என்பதாலேயே இப்போது உள்ளே போக முடியவில்லை. போன், வங்கி அட்டை எல்லாவற்றின் ரகசிய நம்பரையும் அவளிடம் கொடுத்து வைத்திருப்பதும் இதே பயத்தில்தான் என்று அப்போது தோன்றியது.

"சரி, ஒரு பாஸ்வேர்டு வைங்க" என்றான் அவன்.

"உங்க அக்காவே வெக்கட்டும்."

"நான் வெக்க மாட்டேன்" என்றாள். "உங்க சரக்கு. நீங்களே வைங்க. மறக்கவே மறக்காத ஒண்ணா வைங்க."

மறக்காத ஒன்று. யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாண நாள்? வருஷத்தைக் குழப்பிக்கொள்வேன். வண்டி நம்பர்? பார்க்காமல் சொன்னதில்லை. அப்போது கேட்காமலே வந்து நின்றது அந்தப் பஸ் நிறுத்தத்து நம்பர். பரீட்சை வாசலில் வராத நம்பர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை நான் எங்கேயும் எழுதி வைத்ததே இல்லை. ஒரு இலக்கம்கூட நகராமல் இருந்தது. அதை இங்கேயும் எழுத மாட்டேன், இப்போது லேப்டாப்புக்கும் அதுதான் பாஸ்வேர்டு.

விண்டோஸில் இரண்டு முறை அடித்தேன். லேப்டாப்பில் மூன்றாவது முறை. பாஸ்வேர்டு கேட்ட பெட்டி மறைந்து, ஃபோல்டர் திறந்தது. பதினாலு வருஷமும் வரிசையாக நின்றன.

இழுத்துப் போட்டதும் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நாற்பது நிமிஷம் என்றது, மூன்று மணி நேரம் என்றது, மறுபடி ஒரு மணி என்றது. சோறு ஆறிப்போனது. நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் உடைந்த இங்கிலீஷ் எழுத்துகள், புள்ளிகள், கோடுகள்.

"போச்சு மாமா, கெட்டுப்போச்சு போல" என்றான் அவன். குரலே இறங்கிவிட்டது.

அந்த நாளில் நான் பதறாதது அந்த ஒரு நிமிஷம்தான். "கெடல மச்சான். நான் அடிக்கிறது பழைய ஃபாண்ட்டு. உன் லேப்டாப்புல அது இல்ல. இரு" என்றேன். ஃபாண்ட்டுகளையும் ஷேர் ஃபோல்டரில் போட்டு அந்தப் பக்கம் இழுத்தேன். அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். மறுபடி திறந்தபோது ஏதோ ஒரு வீட்டின் காதுகுத்து, எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. "சூப்பர் மாமா" என்றான். அவன் என்ஜினியர். அவன் அப்படிச் சொன்னதை இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று ஃபைல்கள் மட்டும் வரவில்லை. படிக்க முடியவில்லை என்றது. அவற்றின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்ற கவலை இருக்கத்தான் செய்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம் டக், டக் நின்றது. பெட்டியும் நின்றது. செவ்வாய்க்கிழமை வந்த ரிப்பேர்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். மகனுக்குக் கல்யாணம். "மூத்த பொண்ணு மஞ்சள் நீராட்டுக்கு நீங்கதான் அடிச்சீங்க. பேரெல்லாம் அப்ப எந்த வரிசைல போட்டோமோ அதே மாதிரி வேணும். எங்ககிட்ட ஒரு பத்திரிகைகூட இல்லைங்க. மாறிச்சுன்னா எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் மண்டபத்துக்கே வர மாட்டாரு."

லேப்டாப்பைத் திறந்தேன். வருஷத்தைக் கேட்டு, ஃபோல்டருக்குள் போய், எடுத்துக் காட்டினேன். அவர் விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்து, கணவரின் அண்ணன் பெயரில் நின்று தலையாட்டினார்.

"எப்படிங்க இத்தினி வருசமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"ஞாபகம் எல்லாம் இல்லைங்கம்மா" என்றேன். "எடுத்து வெச்சிருக்கேன்."

இதை நான் வெட்கப்படாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து என் மனைவி, "பாஸ்வேர்டும் வெச்சிருக்காரு, கேட்டுப் பாருங்க, சொல்ல மாட்டாரு" என்றாள்.